ரேஸ் செயினும் நம் வீட்டு பைக்கும்

 

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் சீசன். சீசனோடு ரேஸ் பேச்சும் வந்துவிடும். 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்தின் கதை கேட்டு வளராத பொடியன் நம் பக்கம் குறைவு.

என்னிடம் படித்த ஒரு தம்பி கேட்டான்: "ஸேர், ரேஸ் பைக்குக்குப் போடுற 520 செயினை என்ட 150சிசி பைக்குக்கும் போடலாமா? மேட்டுல நல்லா இழுக்குமாமே." அந்த பைக்கில்தான் அவன் தினமும் தங்கச்சியைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகிறான். அதனால் அவனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் நம்பர். முதல் இலக்கம், ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம். அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்று கணக்கு. 428 என்றால் 4/8, அதாவது 12.7 மில்லிமீற்றர். 520 என்றால் 5/8, 15.875 மில்லிமீற்றர். 428க்கு வெட்டிய பல்லில் 520 உட்காராது. கடைசி இரண்டு இலக்கமும் அகலத்தைச் சொல்பவை.

ரேஸ்காரர் ஏன் 520 போடுகிறார்கள்? பெரிய பைக்குகள் பல 525, 530 என்ற அகலமான செயினோடு வருகின்றன. பாரத்தைக் குறைக்க, பல்சக்கரங்களையும் மாற்றி 520க்கு இறங்குகிறார்கள். சிலர் ஓ ரிங் இல்லாத செயின் போடுவார்கள். உராய்வு குறையும், ஆனால் உள்ளே கிரீஸ் நிற்காது, சீக்கிரம் தேயும். அவர்களுக்கு அது பரவாயில்லை. ஓட்டம் சில நிமிடம். முடிந்ததும் கழற்றிப் பார்ப்பார்கள், சந்தேகம் வந்தால் மாற்றுவார்கள். நமக்கு மழை, சேறு, பனிமூட்டம் எல்லாம் தாண்டி மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். கம்பனி சொன்ன அளவில் நல்ல ஓ ரிங் செயின் கிடைத்தால் அதுவே போதும்.

மேட்டில் இழுப்பதைத் தீர்மானிப்பது பல் கணக்கு. முன்னுக்கு 15, பின்னுக்கு 42 என்றால் 2.8. முன்னுக்கு 14 போட்டால் 3. இழுவை கூடும், வேகம் குறையும். செயின் இறுக்கமாக வளைவதால் தேய்வும் கூடும்.

இனி பராமரிப்பு. மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் கழுவித் துடையுங்கள். பெற்றோல் ஓ ரிங்கைக் கெடுக்கும். ஓடி வந்த சூட்டோடு, கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் கியர் ஒயில் விடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு இதைச் செய்யவே வேண்டாம், விரல் போய்விடும். சக்கரத்தைக் கையால் சுற்றி நாலைந்து இடத்தில் தொய்வைப் பாருங்கள். சிறிய பைக்குகளுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர். உங்கள் பைக்கின் புத்தகத்தில் உள்ளதே சரியான அளவு. செயின் லொக்கின் திறந்த பக்கம், செயின் ஓடும் திசைக்கு எதிராக இருக்க வேண்டும். பின் பல்லில் செயினைப் பின்னுக்கு இழுத்தால் பாதிப் பல் தெரிகிறதா? காலம் முடிந்தது. செயினை மட்டும் மாற்றாமல் செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினையும் தின்றுவிடும்.

செலவுதான், தெரியும். சம்பளத்தில் வாழும் வீட்டில் செயின் செட் சின்னக் காசு இல்லை. ஆனால் ரம்பொடை இறக்கத்தில் செயின் அறுந்தால் இன்ஜின் பிடித்துக்கொள்ளாது, பிரேக் மட்டும்தான் மிச்சம். அறுந்த செயின் முன் பல்லில் சிக்கினால் பின் சக்கரம் இறுகிவிடும். பின்னால் இருப்பது தங்கச்சியோ உம்மாவோ பிள்ளையோ.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று நாம் படித்திருக்கிறோம். இந்த வாரமே பைக்கை ஸ்டாண்டில் போட்டுப் பத்து நிமிடம் செயினைப் பாருங்கள். பக்கத்து லயத்துத் தம்பிக்கும் காட்டிக்கொடுங்கள்.

எல்லோரும் பத்திரமாக வீடு சேர துஆ செய்கிறேன்.