நடுவில் இருக்கும் 11 கிலோமீட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே ரயிலில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். நூற்பாலையில் வேலை பார்த்த முப்பது வருஷமும் அப்பா இந்தத் தூரத்தைத்தான் போய் வந்தார், பெரும்பாலும் மீட்டர்கேஜ் ரயிலில். அம்மா போன பிறகு சென்னையில் என்னோடு இருக்கிறார். சாயங்காலமானால் கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப ரயில் வந்துருக்கும்" என்பார். காலியாகக் கிடந்த சின்ன அறையில் ஒரு மாடல் ரயில் அமைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது அப்படித்தான்.

எச்ஓ அளவு என்றால் 87ல் ஒரு பங்கு. மீட்டர்கேஜ் தண்டவாளம் 12 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஆனால் 11 கிலோமீட்டர் சுருங்கியும் 126 மீட்டர். என் அறையின் நாலு சுவரையும் சேர்த்தாலே 12 மீட்டர்தான். கதவு, ஜன்னல் போகக் கிடைப்பது ஐந்து.

அதனால் இரண்டு தட்டு. கீழே ராஜபாளையம், 40 சென்டிமீட்டர் மேலே ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரம் 192 அடி. சுருக்கினால் 67 சென்டிமீட்டர். கீழே வைத்தால் கலசம் மேல்தட்டைப் பொத்துக்கொண்டு நிற்கும்.

இரண்டையும் இணைப்பது ஹீலிக்ஸ், ஸ்பிரிங் மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும் பாதை. 45 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு சுற்று 2.83 மீட்டர். சுற்றுக்கு 10 சென்டிமீட்டர் ஏறினால் சரிவு மூன்றரை சதவீதம். அதிகம்தான், வளைவு வேறு பின்னால் இழுக்கும். மூணு பெட்டிக்கு மேல் வேண்டாம் என்று முடிவுசெய்தேன். ஹீலிக்ஸைப் பொதுவாகப் பலகை அடித்து மறைத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் வரைந்திருந்தேன்.

அப்பாவிடம் லேப்டாப்பைக் காட்டினேன்.

"ஆண்டாள் ஊருக்கு மலையேறியா போகணும்?" என்று சிரித்தார். பிறகு அந்த வட்டத்தில் விரலை வைத்தார். "இங்க என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. சும்மா ஏறி வர்ற இடம். மூடிருவோம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு ஸ்டேஷன்லயும் நான் என்னடா செஞ்சேன்? ஏறுனேன், இறங்குனேன். உக்காந்து வந்தது நடுவுலதான்."

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு சுற்று, 11.3 மீட்டர். 87ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். மொத்த அமைப்பிலும் ரயில் அதிகத் தூரம் ஓடுவது, நான் மறைக்க நினைத்த இடத்தில்தான். பலகையை வரைபடத்திலிருந்து அழித்தேன்.

"பதினொண்ணுல ஒரு கிலோமீட்டர் தேறும்ப்பா" என்றேன் காலையில்.

"போதும். மெதுவா விடு" என்றார்.