ஒத்திவைத்த கடன்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் கல்லறைத் தோட்டங்கள் களைகட்டிவிடுகின்றன. புல் செதுக்குகிறோம், சுண்ணாம்பு அடிக்கிறோம், மாலையிட்டு மெழுகுதிரி ஏற்றுகிறோம். 2ஆம் நாள் குருவானவர் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரித்ததும் வீடு திரும்புகிறோம். மறுநாள் எல்லாம் பழையபடியே நடக்கின்றன. இறந்தோரை நினைத்த நாம், ஒருநாள் இறக்கப் போகும் நம்மை நினைத்தோமா?

பிறரை நோக்கி இக்கேள்வியைக் கேட்க நமக்குத் தகுதி குறைவு. அதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மேலூர்ப் பக்கத்துப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலம். அண்ணன் தம்பி இருவர். கிணற்றுப் பங்கில் தொடங்கிய மனத்தாங்கல், பேச்சுவார்த்தை இல்லாத பகையாகிப் பல ஆண்டுகள் கடந்திருந்தன. அடுத்தடுத்த வீடு; ஒரே கோவில்; ஒரே நற்கருணைப் பந்தி. ஆயினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. மூத்தவர் நோயுற்றுப் படுக்கையில் விழுந்தார். நோயில்பூசுதல் கொடுத்துவிட்டு நாம் எழுந்தபோது அவர் நம் கையைப் பற்றிக்கொண்டார்.

“சாமி, தம்பிய ஒரு தடவ கூட்டியாந்துருங்க. நான் கூப்பிட்டா வரமாட்டான். நீங்க சொன்னா வருவான்.”

“ஆகட்டும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அழைத்து வருகிறோம்” என்றோம். அன்று செவ்வாய்க்கிழமை. கோவில் திருவிழாக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது. தம்பியின் வீடோ இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் உபதேசியார் வந்து கதவைத் தட்டினார். அவர் வாய் திறக்கும் முன்பே நமக்கு விளங்கிவிட்டது.

அடக்கச் சடங்கில் தம்பி பெட்டியின் தலைமாட்டில் நின்றார். அழவில்லை. மண்ணிட்டபின் நம்மருகே வந்து, “அண்ணன் எதுவும் சொன்னாரா சாமி?” என்று மட்டும் கேட்டார். நாம் நடந்ததைச் சொன்னோம். அவர் நம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடிந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மனம் ஆறாத அந்நாள்களில்தான் ஒருமுறை திருவாதவூருக்குச் சென்றோம். மேலூருக்கு அருகிலுள்ள அப்பழம்பதி மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதை நாடறியும். ஊரையொட்டி ஓவாமலை என்னும் பாறைக்குன்று இருக்கிறது. அதன் குகைத்தளத்தில் சமணத் துறவியர் தங்குவதற்காக வெட்டிய கற்படுக்கைகள் உள்ளன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் இரண்டும் அங்கே உண்டு. அவற்றுள் ஒன்று, பரசு என்னும் உபாசகர் அவ்வுறைவிடத்தைச் செய்து கொடுத்ததைக் கூறுகிறது. ஆள் நீளத்திற்கு வெட்டிய அக்கல்லைப் பார்க்கையில் கல்லறையின் நினைவே வந்தது. அதில் படுத்துறங்கியவர் எவர் என்பதைக் கல் சொல்லவில்லை. பிறருக்கு ஒருவர் செய்த உதவியை மட்டும் அது மறவாமல் வைத்திருக்கிறது.

சங்கப் புலவர் கபிலர் பிறந்ததும் இத்திருவாதவூரிலேயே என்பது மரபு. பறம்பு மலைத் தலைவன் பாரியின் உயிர்நண்பர் அவர். மேலூருக்கு வடகிழக்கேயுள்ள பிரான்மலையே அப்பறம்பு என்பர். மூவேந்தர் பகையால் பாரி மாண்டபோது, நண்பனோடு தாமும் மாய்ந்துவிடவே கபிலரின் நெஞ்சம் விழைந்தது. ஆனால் தந்தையை இழந்த பெண்மக்கள் இருவர் அவர் கண்முன் நின்றனர். அவர்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோனிடம் சென்றார். பின்னர் இருங்கோவேளிடம் சென்றார். இம்மகளிரை மணந்துகொள்க என வேண்டினார். இருவருமே இசையவில்லை. வேந்தரும் மதித்த புலவர், பிறர் பிள்ளைகளுக்காக வாயில்தோறும் நின்று தலைகவிழ்ந்து திரும்பினார். இறுதியில் அம்மகளிரை அந்தணரிடம் ஒப்புவித்த பின்னரே வடக்கிருந்தார் என்பது புறநானூற்று வழி நாம் அறியும் செய்தி. திருக்கோவலூர் வீரட்டானக் கோவிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டோ, பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றுப் பாறையில் அவர் தீப்புகுந்தார் எனக் கூறுகிறது.

தானே உயிரை மாய்த்துக்கொள்வதை நம் திருச்சபை ஏற்பதில்லை, உயிர் ஆண்டவருடையது. ஆகவே கபிலரின் முடிவு நமக்குப் பாடமன்று. முடிவுக்கு முன் அவர் நடந்த நடையே நமக்குப் பாடம். சாவின் நினைவு அவரை மூலையில் முடக்கவில்லை. தாம் செலுத்த வேண்டிய கடன் எது என்பதை அது அவருக்குக் காட்டிற்று. அதைச் செலுத்தும்வரை அவரை ஊர் ஊராக நடக்கவும் வைத்தது.

சாவை நினைப்பது என்றால் முகத்தைத் தொங்கப்போட்டு உலகை வெறுப்பது எனப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. நாளை உண்டு என்னும் உறுதியில்தான் நாம் மன்னிப்பைத் தள்ளிப்போடுகிறோம். நன்றி சொல்லத் தாமதிக்கிறோம். வாங்கியதைத் திருப்பித் தர மறக்கிறோம். அவ்வுறுதி பொய் என்று தெரிந்த மறுகணமே எது பெரிது, எது சிறிது என்பது விளங்கிவிடுகிறது. திருவிழாக் கணக்கு ஒரு வாரம் காத்திருந்திருக்கும். மூத்தவரால் காத்திருக்க இயலவில்லை. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன நம் ஆண்டவர், ஞாயிறுவரை பொறுத்திருக்கச் சொல்லவில்லை.

அன்றுமுதல் ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டோம். இரவுச் செபத்தின்போது, “இன்றிரவே அழைப்பு வந்தால் யாருக்கு என்ன பாக்கி?” என்று நம்மையே கேட்டுக்கொள்கிறோம். விடை ஒரு பெயராகவே வருகிறது. மறுநாட் காலை அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் செல்கிறோம். எல்லா நாளும் தவறாமல் செய்தோம் என்று சொல்ல மாட்டோம். தவறிய நாள்களில் உறக்கம் பிடிப்பதில்லை.

அந்தத் தம்பியைப் பற்றியும் ஒரு சொல். கிணற்றில் தமக்குரிய முறை வரும்போது, முதலில் அண்ணன் வயலுக்கு வாய்க்காலைத் திருப்பிவிட்டு, பின்னரே தம் வயலுக்குத் திருப்புவதை நாம் அப்பங்கில் இருந்தவரை கண்டோம். கேட்க வேண்டியவர் கேளாமற் போன மன்னிப்பை அவர் தண்ணீரால் கேட்டுக்கொண்டிருந்தார்.

இம்மாதம் கல்லறைக்கு மாலை வாங்கப் போகுமுன், உயிரோடிருக்கும் ஒருவரின் கதவைத் தட்டுவோம். அது அடுத்த வீட்டுக் கதவாகவே இருக்கலாம்.