மேலே சென்ற பிறகு

அமெரிக்கப் பேஸ்பாலைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பெரும் நட்சத்திரங்களைவிட, நட்சத்திரமாவார்கள் என்று கணிக்கப்பட்டுப் பின் காணாமல்போனவர்களே என் நினைவில் அதிகம் தங்கியிருக்கிறார்கள். மைனர் லீக்கில் வெளுத்து வாங்கியவர்கள் மேஜர் லீக்கில் ஏன் தடுமாறுகிறார்கள்?

பிராண்டன் வுட் 2005இல் மைனர் லீக்கில் 43 ஹோம் ரன்கள் அடித்தவர். ஏஞ்சல்ஸ் அணி அவரைப் பெரிதும் நம்பியிருந்தது. 2007 முதல் 2011 வரை மேஜர் லீக்கில் 272 ஆட்டங்கள் ஆடினார், மட்டைச் சராசரி.186. அதாவது, ஐந்து முயற்சிகளுக்கு ஒரு ஹிட்கூட முழுதாகத் தேறவில்லை.

மேஜர் லீக்கில் பந்தின் தரம் மட்டும் உயர்வதில்லை. எதிரணி புதியவனைப் படிக்கவும் தொடங்குகிறது. எந்த உயரத்தில் வரும் பந்து அவனுக்கு எட்டாது, எந்த வளைபந்துக்கு ஏமாறுகிறான் என்று விரைவிலேயே கண்டுகொண்டு, அதையே திரும்பத் திரும்ப வீசுகிறார்கள். இனி அவன் மாறியாக வேண்டும். இடம் பறிபோகும் என்ற அச்சத்தோடு அன்றாடம் களமிறங்குபவனுக்கு மாற்றம் எளிதில் கூடுவதில்லை.

1951இல் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு வந்த வில்லி மேஸுக்கு முதல் 12 முயற்சிகளில் ஒரு ஹிட்கூட இல்லை. அடுத்ததில் ஹோம் ரன்; பிறகு மீண்டும் வறட்சி. அழுத அந்த இருபது வயது இளைஞனிடம், தான் மேலாளராக இருக்கும்வரை நடுக்களம் அவனுக்கே என்றார் லியோ டுரோச்சர். அவ்வாண்டின் சிறந்த புதுமுகமாக மேஸ் தேர்வானார்.

ஆனால் அரவணைப்பு மட்டும் போதுமா? வுட்டுக்கும் 2010இல் மூன்றாம் பேஸ் இடம் தரப்பட்டது. அவ்வாண்டு சராசரி .146.

ராய் ஹாலடேயின் கதை இன்னும் கடுமையானது. 1998இல், தன் இரண்டாவது ஆட்டத்திலேயே, ஒரு ஹிட்கூடக் கொடுக்காத சாதனைக்கு ஒரே ஓர் அவுட் மீதமிருந்த நிலையில் ஹோம் ரன் கொடுத்து அதைத் தவறவிட்டவர். 2000இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு 10.64 ஓட்டங்கள் என்ற கணக்கில் வாரிக் கொடுத்தார். 2001இல் டொரான்டோ அணி அவரைப் பல படிகள் கீழே இறக்கியது. அங்கே மெல் குவீன் என்ற பயிற்சியாளர் அவர் கை வரும் கோணத்தையே மாற்றினார். நேராகப் பாய்ந்த பந்து, நகரும் பந்தானது. 2003இலும் 2010இலும் ஹாலடே சை யங் விருது பெற்றார்.

தன்னை மேலே கொண்டுவந்த அதே வீச்சைக் கைவிட அவர் சம்மதித்தார். அந்தத் துணிவு திறமையில் சேர்த்தியா, வேறொன்றா? எனக்கு இன்றும் தெளிவாகவில்லை. வுட்டைத் தோல்விப் பட்டியலில் எழுதிவிடவும் மனம் வருவதில்லை. மைனர் லீக்கில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடுவதில்லை. அவர் 272 ஆடியிருக்கிறார்.