பிரெஞ்சு படித்தால் என்ன வரும்?

"பிரெஞ்சா? அத வச்சு என்ன பண்ணுவ?"

மயிலாப்பூர் மாமா முதல் தி.நகர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வரை எல்லோரும் கேட்டாயிற்று. மொழிபெயர்ப்பு, ஏர்லைன்ஸ் என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். நிஜமான பதில் வேறு. பிரெஞ்சு வகுப்பில்தான் எனக்குத் தமிழ் இலக்கணம் புரிந்தது.

முதலில் எண்கள். பிரெஞ்சில் 90-க்கு 'காத்ர-வேன்-தீஸ்', அதாவது நாலு இருபதும் ஒரு பத்தும். முதல் வருடம் வகுப்பே சிரிக்கும். (பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 'நொனாந்த்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள்.) சரி, நம் தொண்ணூறு? எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்துவிட்டு, நூறு வருவதற்கு முன்பே 'நூறு' உள்ளே நுழைந்துவிடுகிறது. நன்னூலில் இதற்கென்றே ஒரு சூத்திரம் உண்டு. நாம் யாரும் சிரித்ததில்லை.

அடுத்து, 'இல் ஆ' என்றால் 'அவனிடம் இருக்கிறது'. அதையே திருப்பிப் போட்டுக் கேள்வியாக்கினால் 'ஆ-தில்?'. நடுவில் வரும் 'த்'துக்கு அர்த்தமே கிடையாது. இரண்டு உயிரெழுத்துகள் முட்டிக்கொள்ளாமல் இருக்க வந்தது, அவ்வளவுதான். மணி + அடித்தது = மணியடித்தது. உடம்படுமெய்! பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தது எதற்கென்று அன்றுதான் விளங்கியது.

'த்யூ', 'வூ' நமக்குச் சுலபம்: நீ, நீங்கள். ஆனால் பிரெஞ்சு கத்தோலிக்கர்கள் 1966 வரை தங்கள் முக்கிய ஜெபத்தில் கடவுளை 'நீங்கள்' என்றே அழைத்தார்கள். நம் தேவாரத்தில் 7-ஆம் நூற்றாண்டிலேயே சிவனுக்கு 'நீ'தான். மரியாதையும் நெருக்கமும் எங்கே பிரிகின்றன என்று இரண்டு மொழி தெரிந்தால்தான் யோசிக்கவே தோன்றுகிறது.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். சென்னையில் பலர் பிளஸ் டூவில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுப்பது மார்க்குக்காக. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி வருபவர்களில் தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களும் உண்டு. ஒப்பிட இன்னொரு மொழி கையில் இருந்தும் அவர்களுக்கு அது பயன்படுவதில்லை.

காமுவின் 1942 நாவலை வெ. ஸ்ரீராம் 'அந்நியன்' என்று நேரடியாகப் பிரெஞ்சிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கம் வாசித்துப் பாருங்கள். அந்தச் சின்னச் சின்ன வாக்கியங்கள், வினைச்சொல்லைக் கடைசியில் வைக்கும் நம் மொழியில் எப்படி நிற்கின்றன என்று கவனியுங்கள். எந்தப் பரீட்சையிலும் இதைக் கேட்க மாட்டார்கள். ஆனால் மாமா கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.