இடது மணிக்கட்டு

வெஸ்பாவில் கியர் காலில் இல்லை, இடது கையில். கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியையே முறுக்க வேண்டும். முதல் வெஸ்பா 1946-இல் வந்தது. அதை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிளே பிடிக்காதவராம். சங்கிலி கிடையாது. எஞ்சின் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பதால் வண்டி அந்தப் பக்கமே சாயப் பார்க்கும்.

கெலாங் பாத்தாவிலிருந்து இரண்டாவது பாலம் வழியாக துவாஸுக்கு வேலைக்குப் போன அப்பா, தன் பிஎக்ஸ் 150-இல் சற்று இடப்பக்கம் தள்ளித்தான் உட்காருவார். நடக்கும்போதும் அந்தச் சாய்வு இருக்கிறது என்று அம்மா கேலி செய்வார். முறுக்கினாலும் தொண்ணூறைத் தாண்டாது. 135 எல்சி பையன்கள் சர்ரென்று முந்திப் போவார்கள். அப்பாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு நூறு மில்லி டூ-டி எண்ணெய். "வேகமா போயிட்டு படக்குன்னு முறுக்க விடாதடா. பெட்ரோல் குறைஞ்சா எண்ணெயும் குறைஞ்சிடும், பிஸ்டன் பிடிச்சுக்கும்."

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம். இடது கை.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். திரும்பி வந்ததும் வாசலில் உட்கார்ந்தபடியே சொல்வார்: "முனையில மூணுலயே இழுத்துட்டு வந்தே."

வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் வந்து விலை கேட்டார். அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. "எண்ணெய் கலந்தாச்சா?" என்று என்னைக் கேட்டார்.