கைக்கு எட்டிய ஹாண்டில்

களப்பணிக்கென்று மோட்டார் சைக்கிள் தந்தார்கள். என் உயரம் நாலடி பத்து அங்குலம். ஹாண்டிலைப் பிடிக்க முன்னுக்குச் சாயவேண்டும். பின்னேரமானால் தோளும் முதுகும் வலிக்கும். ஒருநாள் கிளிநொச்சியில் ஒரு மணல் ஒழுங்கையில் திரும்பும்போது கை எட்டாமல் விழுந்தேன். “பொம்பிளையளுக்கு உது சரிவராது” என்றார் பார்த்து நின்ற ஒருவர். நானும் அதை நம்பத் தொடங்கினேன்.

கராஜ் தம்பிதான், “அக்கா, பிழை உங்களில இல்லை, ஹாண்டில் தூரத்தில நிக்குது” என்றார். அடியில் இரண்டு உலோகக் கட்டைகள் பூட்ட, ஹாண்டில் சற்று உயர்ந்து என் பக்கம் வந்தது. பிறேக், கிளச் பிடிகளையும் விரலுக்கு எட்டத் திருப்பினார். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தார். வயர் இழுபட்டால் திரும்பும் இடத்தில் வேகம் தானாகக் கூடிவிடுமாம். கிளச் வயர் இறுகியது. நீளமான வயர் மாற்றிய பின்னரே ஓடவிட்டார்.

உதவியாகக் கிடைத்த தையல் மெஷினைப் பாவிக்காத ஒரு தாயைப் பற்றி, ‘ஆர்வமில்லை’ என்று நான் முன்னர் எழுதியிருந்தேன். மறுநாள் அவரிடம் போனேன். அவருடைய கால் மிதிக்கு எட்டவில்லை. கதிரைக் காலை வெட்டித் தணித்தோம்.

சகோதரிகளே, தரப்பட்ட பொருள் எட்டாவிட்டால் உங்களை நோகாதீர்கள். அதைச் சரிசெய்து தரச்சொல்லிக் கேளுங்கள்.