யாத்ராமுல்ல தேரரின் மாணாக்கர்

வேல்ஸ் தேசத்துப் பிரசித்தர்களின் ஜீவிய சரித்திரங்களை நான் விரும்பி வாசிப்பவன். மலைகளுக்கிடையே ஒடுங்கியிருந்தும் தன் பாஷையைக் கைவிடாத அச்சிறிய தேசத்தின் வம்சத்தவர்களுள் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர், ஒரு பாதிரியாரின் மகனாக 1843இல் இங்கிலாந்தில் பிறந்த தாமஸ் வில்லியம் ரைஸ் டேவிட்ஸ்.

இலங்கை சிவில் சேவையில் சேர்ந்து இங்கு வந்த அவர், காலியில் நீதி விசாரித்துக்கொண்டிருந்தபோது, பௌத்த சமய விவகாரம் பற்றிய ஒரு வழக்கிலே பாளி மொழியில் எழுதப்பட்ட பத்திரமொன்று தம்முன் வைக்கப்பட, அதை வாசிக்க இயலாத தம் நிலையை உணர்ந்து, அம்மொழியைக் கற்கத் துணிந்தார். தீராத நோய் தம்மை மரணத்தின் சமீபத்திற்குக் கொண்டுபோயிருந்த வேளையிலும், அந்நிய சமயத்தவரான அவ்விளைஞருக்குச் சிரத்தையோடு பாடஞ்சொன்னவர் யாத்ராமுல்ல தேரர். மாணாக்கரைவிட இவ்வாசிரியரே எனக்குப் பெரியவராகத் தோன்றுகிறார்.

பின்னர் அநுராதபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நுவரகலாவியாவில் உதவி அரசாங்க அதிபராயிருந்த ரைஸ் டேவிட்ஸ், குடிகள்மீது முறையின்றி அபராதம் விதித்தாரென்று விசாரிக்கப்பட்டு, உத்தியோகத்தினின்றும் நீக்கப்பட்டார். அவர் 1881இல் பாளி நூற் சங்கத்தை ஸ்தாபித்ததும், மறுவருடம் லண்டனில் பாளிப் பேராசிரியரானதும், அச்சங்கத்தின் வழியே திரிபிடக நூல்கள் அச்சேறி உலகமெங்கும் பரவியதும் மகத்தான காரியங்களே; ஆயினும் நுவரகலாவியாக் குடியானவன் கட்டிய அபராதத்தை அவை ஈடுசெய்துவிடா என்பதே என் தீர்மானம்.

அதே உதவி அரசாங்க அதிபர் பதவியில் 1942இல், யுத்த காலத்து உணவு நெருக்கடியின்போது, எங்கள் கல்முனைக்கு வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். சிவில் சேவையில் பிரவேசித்த முதல் முஸ்லிமான அப்பெருமகன், நெல் விளைவிக்க வந்த இடத்தில் எம்மவரின் கல்விக் குறையைக் கண்டு கவலையுற்று, 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். எவரும் நீக்காமலே 1948இல் உத்தியோகத்தைத் துறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபரானார்.

பதவியாளரின் சரித்திரத்தை எழுதுவதற்கு எப்போதும் ஆட்கள் உண்டு; யாத்ராமுல்ல தேரரைப் போன்ற ஆசிரியர்களின் சரித்திரத்தை எழுதுவோரோ அரியர். இறக்காமத்திலும் சம்மாந்துறையிலும் நமக்கு ஓதிக்கொடுத்த லெப்பைமாரையும், எழுத்தறிவித்த வாத்தியார்மாரையும் பற்றி, அவர்களிடம் படித்த மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே கேட்டறிந்து எழுதிவைக்குமாறு நம் வாலிபர்களை வேண்டுகிறேன்.